மேலிருந்து விழும் வெளிச்சம்

(குழித்துறையில் வாசகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் எல்லாரும் ஒரு காரியம் செய்யுங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டி, இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே நிமிர்த்திப் பிடியுங்கள். திறந்திருக்கும் வலது கண் இடது கட்டைவிரலின் நகத்தையே பார்க்கட்டும். இப்போது வலது கையை மட்டும் மெல்ல வலப்பக்கம் கொண்டுபோங்கள். முக்கால் சாண் தூரம் போனதும் வலது விரலின் நுனி காணாமல் போகும். போகவில்லையா ஐயா? உங்கள் கண் விரலின் பின்னாலேயே ஓடுகிறது. இடது நகத்தை விடாதீர்கள். ஆங், போய்விட்டது பாருங்கள்!

விழித்திரையிலிருந்து நரம்புக் கற்றை மூளைக்குக் கிளம்பும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அதைக் குருட்டுப் புள்ளி என்கிறோம். பிரான்ஸ் நாட்டு மரியோட் 1660களிலேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். நான் கேட்க வருவது வேறு. விரல் நுனி போன இடத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? கறுப்பாக ஓர் ஓட்டை தெரிந்ததா? இல்லை. பின்னால் இருக்கும் சுவரின் நிறம் அங்கேயும் தொடர்ந்தது. அந்த நிறம் கண்ணிலிருந்து வரவில்லை. சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை அங்கே பூசியது. இத்தனை வருஷமாக நம் ஒவ்வொரு கண்ணிலும் இப்படி ஓர் ஓட்டை இருந்தும் யாரும் எளிதில் கவனிக்காததற்கு ஒரு காரணம் இந்தப் பூச்சுவேலை.

இந்தப் பூச்சுவேலை எப்படி நடக்கிறது என்று துருவித் துருவிப் பார்த்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர், விளையனூர் எஸ். ராமச்சந்திரன். 1951இல் பிறந்தவர். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆய்வுப் பட்டம். 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை எப்படி அறிகின்றன என்பது பற்றி அவரும் நண்பர்களும் எழுதிய கட்டுரை 1973இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. 2003இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றினார். 2007இல் பத்ம பூஷண்.

அவரை வெளியுலகம் அறிந்தது கண்ணாடிப் பெட்டியால். கை வெட்டப்பட்டவர்களில் பலருக்கு இல்லாத கை இருப்பது போலவே தோன்றும், சிலருக்கு அது வலிக்கவும் செய்யும். ஓர் அட்டைப் பெட்டியின் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் போன கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். சிலருக்கு இறுகிக் கிடந்த இல்லாத கை விரிந்தது, வலி தணிந்தது. சந்தையில் வாங்கும் கண்ணாடி ஒன்றும் ஒரு பெட்டியும்தான் கருவி. அவர் சொன்னது எல்லாம் நிலைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி நரம்பணுக்கள் என்னும் மூளைச் செல்களையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு அவர் சொன்ன கருத்துகளை மற்ற ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். அவருடைய பார்வை ஆராய்ச்சி அதற்கு முந்தையது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கும் அதற்கும்தான் நெருக்கம் அதிகம்.

1988இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரையின் பொருள், நிழலை வைத்து உருவத்தை அறிவது. சோதனை இதுதான். சாம்பல் நிறத் தாளில் ஒரு வட்டம். அதன் மேல்பாதி வெளுப்பு, கீழே போகப் போகக் கறுப்பு. பார்ப்பவர் எல்லாரும் அது முட்டை போல வெளியே புடைத்திருக்கிறது என்பார்கள். அதே தாளைத் தலைகீழாகத் திருப்பினால், அதே வட்டம் பல்லாங்குழி போல உள்ளே போய்விடும். மை அதே மை, தாள் அதே தாள். மாறியது ஒன்றுமில்லை. ஆனால் மூளை ஒன்றைச் சொல்லாமலே வைத்துக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் மேலிருந்து வரும் என்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே சூரியனுக்குக் கீழே வளர்ந்த உயிர்களின் கண்ணுக்கு அது நியாயமான ஊகம்தான்.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெளுப்பும் கறுப்பும் மேல்கீழாக இல்லாமல் இடம் வலமாக இருந்தால்? அப்போது மூளை தடுமாறும். ஒரு நேரம் மேடாகத் தெரியும், ஒரு நேரம் பள்ளமாகத் தெரியும். ஆனால் தாளில் அப்படிப் பல வட்டங்கள் இருந்தால் எல்லாம் ஒன்றாகவே மாறும். ஒன்று மேடாகும்போது எதிர்ப்பக்கம் நிழல் கொண்டது பள்ளமாகும். ஏன்? வெளிச்சம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பது மூளையின் இரண்டாவது ஊகம். சரி, இப்போது தலையைத் தோள்மீது சாய்த்துப் பாருங்கள். தடுமாற்றம் போய்விடும், மேடு மேடாகவே நிற்கும், பள்ளம் பள்ளமாகவே நிற்கும். மேல் என்று மூளை கருதுவது வானத்தை அல்ல, உச்சந்தலையை. சூரியன் நம் தலையில் ஒட்டவைத்த விளக்கு என்றே பார்வை கணக்குப் போடுகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்க அதற்கு நேரமில்லை. நாம் தலையைச் சாய்த்து நடப்பதும் அபூர்வம்தானே, குறுக்குவழியே போதும் என்று இருந்துவிட்டது. பார்வை என்பது ஒரே பெரிய கணக்கு அல்ல, இப்படிப்பட்ட சின்னச் சின்ன உபாயங்களின் தொகுப்பு என்பது ராமச்சந்திரனின் வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க நீங்கள் சான் டியாகோ போக வேண்டியதில்லை. இங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் சிதறால் இருக்கிறது. அங்கே சமணர்கள் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள், ஒன்பதாம் நூற்றாண்டின் கல்வெட்டும் இருக்கிறது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போய், கல்லில் வெட்டிய எழுத்தைப் போனில் படம் எடுங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழித்து வெட்டிய எழுத்து, ஒட்டவைத்த எழுத்து போலப் புடைத்துக்கொண்டு எழும்பலாம். நிழல் விழாத நேரத்தில் எடுத்தால் இது நடக்காது. கல்வெட்டு படிப்பவர்கள் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படிப்பதும் அதனால்தான். சிற்பிக்கும் இது தெரியும். சிற்பி செதுக்குவது பாதி கல்லை, மீதி நிழலை.

சரி, இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

1984இல் வந்த மக்கின்டோஷ் திரையில் பொத்தான் என்பது வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் போட்ட கட்டம். அதை அமுக்கலாம் என்று யாராவது சொல்லித் தர வேண்டும். 1980களின் கடைசியில் நெக்ஸ்ட் கணினி வந்தது, 1990இல் விண்டோஸ் 3.0 வந்தது. இவற்றின் பொத்தானை நினைவிருப்பவர்கள் நினைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கட்டை. அதன் மேல் விளிம்பிலும் இட விளிம்பிலும் மெல்லிய வெள்ளைக் கோடு, கீழ் விளிம்பிலும் வல விளிம்பிலும் கருஞ்சாம்பல் கோடு. அவ்வளவுதான். அந்த நாலு கோட்டில் பொத்தான் திரையை விட்டு வெளியே வந்து நின்றது. சுட்டியால் அழுத்தும்போது வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் கருஞ்சாம்பல் கோடு வரும். உடனே பொத்தான் உள்ளே போகும். கண்ணாடித் திரையில் ஒன்றும் அசையவில்லை, ஆனால் அழுத்தினோம் என்று விரலே நம்பியது. ராமச்சந்திரன் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பொறியாளர்கள் வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓவியர்களுக்குப் பல நூறு ஆண்டுகளாகத் தெரிந்த தந்திரம் அது. ஆனால் அது ஏன் பலிக்கிறது என்பதற்கான கணக்கு 1988இன் கட்டுரையில் இருக்கிறது.

ஒரு சின்ன ஒட்டு. வெளிச்சம் நேர் மேலே இல்லை, கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்தே இருப்பதாக மனிதர்கள் ஊகிக்கிறார்கள் என்று சன், பெரோனா என்ற இருவர் 1998இல் காட்டினார்கள். விண்டோஸ் பொத்தானின் வெள்ளைக் கோடு மேலும் இடமும் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? எவரோ ஒரு வரைகலைஞரின் கண்ணுக்கு ஆராய்ச்சிக்கு முன்பே அது சரியாகப் பட்டிருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? 2012இல் விண்டோஸ் 8, 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7. நிழலும் மேடும் பழைய பாணி என்று எல்லாவற்றையும் தேய்த்துத் தட்டையாக்கினார்கள். பொத்தான் வெறும் நீல எழுத்தாகியது. எது படிக்க, எது தொட என்று தெரியாமல் பலர் விழித்தார்கள். அடுத்த ஆண்டே, 2014இல், கூகுள் தன் மெட்டீரியல் டிசைன் விதிகளில் நிழலைத் திரும்பக் கொண்டுவந்தது. என் தீர்ப்பு இது: அந்தத் தட்டை மோகம் இளவயதுக்காரர்கள் இளவயதுக்காரர்களுக்காகச் செய்த அலங்காரம். பத்து வருஷமாகத் திரையைத் தடவிப் பழகியவனுக்கு நிழல் தேவையில்லை. அறுபது வயதில் முதல் ஸ்மார்ட்போன் வாங்கியவருக்கு அந்த நிழல்தான் கைப்பிடி.

இப்போது மார்த்தாண்டத்தில் நான் நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த வங்கி என்பது வேண்டாம். ஏ.டி.எம். திரையின் இருபுறமும் பொத்தான்கள் இருக்கும் பழைய வகை இயந்திரம். கூன் விழுந்த ஓர் அம்மச்சி, முதியோர் உதவித்தொகை எடுக்க வந்தவர். என்னைப் பார்த்து, “மக்ளே, இதுல எதை ஞெக்கணும்?” என்றார். “ஆம் என்று எழுதியிருக்கிற இடத்துக்கு நேரா உள்ளதை ஞெக்குங்க” என்றேன். அவர் ஞெக்கியது அதற்குக் கீழே உள்ள பொத்தானை. பணம் வரவில்லை. மறுபடியும் அதையே ஞெக்கினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் குனிந்து அவர் கண் இருந்த உயரத்தில் என் கண்ணை வைத்துப் பார்த்தேன். திரை கண்ணாடிக்குப் பின்னால் ஓரிரு விரற்கடை உள்ளே இருந்தது, பொத்தான்கள் முன்னால் சட்டத்தில் இருந்தன. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது உள்ளே இருக்கும் எழுத்து சட்டத்தில் கீழிறங்கித் தெரிகிறது. 'ஆம்' என்ற சொல் அடுத்த பொத்தானுக்கு நேராகவே வந்துவிட்டது. அம்மச்சி நான் சொன்னபடியே, கண்ட இடத்தில், சரியாகத்தான் ஞெக்கினார். நின்ற உயரத்தில் நமக்கு அது தவறாகத் தெரிந்தது. இயந்திரத்தை வைத்தவர் தன் உயரத்தில் பார்த்துச் சரி என்று போய்விட்டார்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. விசைப்பலகையில் இரகசிய எண்ணைப் போட அவர் கண் கீழே போனது. அதற்குள் மேலே திரையில் ஒரு கேள்வி வந்து, பதில் இல்லாமல் மறைந்தும் விட்டது. நம் கண் முழுக் காட்சியையும் தெளிவாகப் பார்ப்பதாக நமக்கு ஓர் எண்ணம். உண்மையில் கூர்மையாகத் தெரியும் இடம் நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் அளவுதான், ஏறக்குறைய இரண்டு பாகை. அந்தச் சின்ன வட்டத்தை நொடிக்கு மூன்று நான்கு தடவை அங்குமிங்கும் தாவவைத்து மூளை முழுப்படத்தைக் கட்டுகிறது. தாவும் நேரத்தில் நடக்கும் மாற்றத்தைக் கண் அறிவதே இல்லை. 1997இல் ரென்சிங்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு படத்துக்கும் சற்றே மாற்றிய படத்துக்கும் நடுவில் ஒரு கணம் வெற்றுத் திரையைக் காட்டிப் பார்த்தார்கள். விமானத்தின் எஞ்சின் போன்ற பெரிய பொருள் மறைந்தால்கூடக் கண்டுபிடிக்க மக்கள் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருக்க அம்மச்சிக்குக் 'கவனமில்லை' என்று எப்படிச் சொல்வது?

இதே நாட்டில் இன்னொரு இயந்திரம் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் பெரும்பாலும் தடுமாறாமல் பயன்படுத்துகிறார். வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சொல்கிறேன். அதன் நம்பகம் பற்றிய அரசியல் சண்டைக்குள் நான் போகவில்லை. கண்ணுக்கும் கைக்கும் அது எப்படி என்று மட்டும் பார்க்கிறேன். முதன்முதலில் அது பயன்பட்டது நமக்குப் பக்கத்து மாநிலத்தில், எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூர் தொகுதியில், 1982இல், ஐம்பது வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் அந்தப் பகுதித் தேர்தலைச் செல்லாததாக்கியது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்தது.

அதில் ஒரு வேட்பாளருக்கு ஒரு வரி. பெயரும் சின்னமும் பொத்தானும் அதே வரியில், ஒரே தளத்தில், விரலுக்குப் பக்கத்திலேயே. குட்டையானவர் பார்த்தாலும் நெட்டையானவர் பார்த்தாலும் வரி மாறாது. பொத்தான் நீலம், நிஜமாகவே புடைத்திருக்கிறது, நிழல் தீட்ட வேண்டிய அவசியமில்லை. அழுத்தியதும் பக்கத்திலேயே சிவப்பு விளக்கு, கூடவே நீண்ட ஒலி. கண் தவறவிட்டால் காது பிடித்துக்கொள்ளும். பார்வையற்றவருக்குப் பிரெய்ல் எண். விளவங்கோடு தொகுதிக்காரர்களுக்கு 2024 ஏப்ரல் 19 மறந்திருக்காது. மக்களவைக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில், ஒரே சாவடியில், இரண்டு இயந்திரங்களில் வாக்களித்தீர்கள். மக்களவைக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புத் தாள். குழப்பத்தைத் தவிர்க்க நிறம் ஒன்றே பெரிய உபகாரம்.

குறையும் சொல்ல வேண்டும். அழுத்திய பிறகு தனிப் பெட்டியின் சாளரத்தில், போட்ட வாக்கைக் காட்டும் சீட்டு ஒன்று ஏழு நொடி தெரியும். ஏழு நொடி என்பது கண் இருபது தடவைக்கு மேல் தாவும் நேரம், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத் தாராளம். ஆனால் கண் சிவப்பு விளக்கிலேயே நின்றுவிட்டால், பக்கத்துப் பெட்டியில் சீட்டு வந்ததும் விழுந்ததும் தெரியாது. வெள்ளெழுத்து விழுந்தவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள்ளும் ஏழு நொடி போய்விடும்.

இன்னும் ஒரு விஷயம். நம் ஊருக்கே உரியது. திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வழியாக வரும் பஸ்ஸின் மலையாளப் பலகையும் நாகர்கோவில் பஸ்ஸின் தமிழ்ப் பலகையும் இங்கே பலருக்கு ஒரே வேகத்தில் படிக்க வரும். படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கும் தெரியாதவர் கண்ணுக்கும் ஒரே எழுத்து ஒரே மாதிரி தெரியுமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருணும் குழுவினரும் தெலுங்கு படிப்பவர்களையும் மலையாளம் படிப்பவர்களையும் வைத்து இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். எழுத்து தெரியாதவருக்குப் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு தெரிகின்றன. படிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சிக்கல் குறைந்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. படிப்பு கண்ணையே மாற்றுகிறது என்று பொருள்.

அப்படியென்றால் தமிழ் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து தமிழ்த் திரையை அடுக்கும்போது, எங்கே இடிக்கிறது என்பது அவர் கண்ணுக்கே படாது. ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியில் தமிழ் ஏறும்போது 'ஈ'காரச் சுழி தலை வெட்டுப்பட்டு இகரமாகிறது, புள்ளி மேல்வரியில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகிறது. பொத்தானில் இடம் போதாமல் 'தொடர வேண்' என்று முடிந்து மூன்று புள்ளி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுமா, வேண்டாமா? அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பணப் பரிமாற்றத்தில் அப்படித் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. டீக்கடையில் 'பணம் வந்துவிட்டது' என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி நம் கடைக்காரர்களிடம் இவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கை இரண்டும் பாலும் டிகாஷனுமாக இருக்க, வெயிலில் வெளுத்த திரையை யார் பார்ப்பது?

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று அறிகிறேன். ஆண்டுக் கடைசியில் ஏதாவது ஒரு செயலி செய்து புராஜெக்ட் என்று கொடுக்கப் போகிறீர்கள். கொடுக்கும் முன் உங்கள் தெருவில் அறுபது வயது தாண்டிய மூன்று பேரிடம் அதைக் கையில் கொடுங்கள். ஒருவர் குட்டையாக இருக்கட்டும், ஒருவர் கண்ணாடி போடுபவராக இருக்கட்டும், ஒருவர் அதிகம் படிக்காதவராக இருக்கட்டும். சொல்லித் தராதீர்கள், வாயைத் திறக்கவே கூடாது. திரையைப் பார்க்காமல் அவர்கள் கண்ணைப் பாருங்கள். கண் எங்கே நின்றது, விரல் எங்கே தயங்கியது, எதைத் தவறாக ஞெக்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்படி எழுதிய நோட்டு யாரிடமாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு என்னுடைய பேச்சு வேண்டாம், அந்த நோட்டைப் படிப்போம்.